பின்புறம் ஒட்டிய காகிதம்

"தோளக் குடுக்காதீங்க. சாவிய இன்னொரு சுத்து சுத்துங்க," என்றாள் அண்ணி.

அண்ணன் கேட்கவில்லை. மாட்டிக்கொண்ட கியரைத் தட்டி இறக்குகிற மாதிரி கதவை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தோளால் இடித்தான். புதுப் பெயின்ட்டில் ஒட்டியிருந்த கதவு பிளாஸ்திரி பிய்கிற சத்தத்தோடு திறந்துகொள்ள, பாதி ஓடியும் பாதி தடுக்கியும் கூடத்துக்குள் போய் நின்றான்.

"பாத்து சார். இன்னும் ஒப்படைக்கல. உடைஞ்சா எங்க கதவு," என்றார் கட்டடக் கம்பெனியின் விற்பனைப் பிரிவுக்காரர்.

"ஒப்படைச்சப்புறம் உடைஞ்சா என் கதவு. அதான் இப்பவே உடைச்சுப் பாத்துக்குறேன்."

அண்ணி சிரிக்காமல் உள்ளே வந்தாள். கழுத்தில் அளவு நாடா மாலை மாதிரி தொங்கியது. ஜன்னல் திரை தைப்பது அவள் தொழில். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் ஜன்னலைத்தான் பார்ப்பாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் அண்ணனின் தங்கை. அட்டை என்று கூப்பிட்டால்தான் அவளுக்கே தெரியும். சின்ன வயதில் அண்ணன் போகிற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு போனதற்காக அவன் வைத்த பெயர். பிற்பாடு அவள் பெட்டி செய்கிற கம்பெனியில் அட்டை வெட்டப் போனபோது, "நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்று ஊர் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டான்.

பெட்டிக் கம்பெனியிலிருந்து, கட்டடங்களின் சின்ன மாதிரிகள் செய்பவர் ஒருவரின் பட்டறைக்குப் போனாள். அங்கே விளக்கு மாட்ட வந்தவரைக் கட்டிக்கொண்டாள். பிறகு இரண்டு பேருமாக ஒரு பழைய மாவு மில்லின் முன்பக்கத்தைப் பிடித்துச் சொந்தப் பட்டறை வைத்தார்கள். கட்டப்போகும் ஆஸ்பத்திரி, கட்டப்போகும் பள்ளிக்கூடம், கட்டாமலே போன இரண்டு பாலம் எல்லாம் அவள் மேஜையில் முழங்கை உயரத்துக்கு நின்றிருக்கின்றன. நகத்தைவிடச் சின்ன நாற்காலிகளை இடுக்கியால் எடுத்து வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். அப்போது யாராவது தும்மினால் அன்றைக்கு அவருக்கு டீ கிடையாது.

இந்த அடுக்குமாடிக் கோபுரத்தின் மாதிரியும் அவள் செய்ததுதான்.

நதிக்கும் ரயில் யார்டுக்கும் நடுவில், கடைத்தெருவைப் பார்த்தபடி அது நின்றது. நேராக எழும்பாமல், ஏற ஏறத் திரும்பிக்கொண்டே போகிற கட்டடம். நடுவில் லிப்டும் படிக்கட்டும் குழாய்களும் இருக்கிற ஒரு தண்டு மட்டும் செங்குத்தாக நிற்கும். அதைச் சுற்றி ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிடக் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருக்கும். சீட்டுக்கட்டை மேஜையில் வைத்து உள்ளங்கையால் அமுக்கித் திருகினால் வருமே, அப்படி. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதாகத் தோன்றியதால் அக்கம்பக்கத்தில் அதற்கு ரோஷக்காரன் என்று பெயர். அது நிற்கிற இடத்தில்தான் முன்பு அண்ணனின் சந்து இருந்தது. சந்தை எடுத்துக்கொண்ட கம்பெனி, அங்கே இருந்த வீட்டுக்கு ஒரு வீடு கோபுரத்தில் தருவதாகச் சொல்லி, விற்பனைக் கூடத்துக்கு எல்லோரையும் அழைத்து மாதிரியைக் காட்டி, விரும்பியதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. சந்துக்காரர்கள் கம்பெனி ஆளிடம் கேட்கவில்லை. அட்டையிடம் கேட்டார்கள். "நம்ம பொண்ணு செஞ்சது. அவளுக்குத் தெரியாததா?"

எல்லோரும் நதியைக் கேட்டார்கள். அண்ணனும் அண்ணியும் மட்டும் யார்டைக் கேட்டார்கள்.

காரணம் சந்து முழுக்கத் தெரியும், யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அவர்களுக்கு ஒரே மகள். கல்லூரிக்குத் தினமும் துறையில் படகேறி அக்கரைக்குப் போவாள். ஒரு நாள் காலையில் தாய்க்கும் மகளுக்கும் வாக்குவாதம். ஒன்றுமில்லாத விஷயம், ஒரு துப்பட்டாவுக்கு ஓரம் அடித்துத் தராதது. மகள் வாசலில் நின்று "போயிட்டு வரேன்மா" என்றாள். அண்ணி தையல் மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்லவில்லை. மகள் இன்னொரு தடவை சொன்னாள். அதற்கும் இல்லை. அன்றைக்குப் படகில் ஏறும் பலகை வழுக்கி, தண்ணீரோடு போய்விட்டாள்.

அந்த வாரமே அண்ணன் வீட்டில் நதியைப் பார்க்கிற பின்பக்க ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தான். பஸ் ஓட்டுகிறவன், டிப்போவில் கெஞ்சிப் பாலத்தைத் தாண்டாத ரூட்டாக மாற்றிக்கொண்டான். அண்ணி அதற்குப் பிறகு நதியைப் பார்க்கவில்லை. அக்கரைக்குத் திரை மாட்டப் போக வேண்டியிருந்தால் அளவை வாங்கித் தைத்து ஆளிடம் கொடுத்தனுப்புவாள். மாதிரியின் முன்னால் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "அட்டை, எந்த வீட்டுலருந்து பாத்தா தண்ணி கண்ணுல படாது?"

அட்டை நடுமாடியில் ஒரு வீட்டைத் தொட்டுக் காட்டினாள். கீழ்த்தளத்தில் கடைத்தெருவைப் பார்க்கிற பக்கம், நடுமாடிக்கு வரும்போது கால் வட்டம் திரும்பி யார்டைப் பார்க்கும். "இதுலருந்து ரயில் பெட்டி மட்டும்தான் அண்ணி தெரியும். நதி முழுக்க முதுகுப் பக்கம் போயிடும்."

"சத்தியமா?"

"நான் செஞ்சது அண்ணி."

இப்போது அந்த வீட்டின் கூடத்தில் நின்றார்கள். வெளிப்பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. கீறல் விழாமலிருக்க நீலத் தாள் ஒட்டியிருந்ததால் அறை மீன்தொட்டிக்குள் மாதிரி இருந்தது. ஒரு மூலையில் தடித்த தூண் ஒன்று சாய்ந்து நின்றது.

"என்னங்க இது, தூணு சரக்குப் போட்டுட்டு வந்திருக்கா?" என்றான் அண்ணன்.

"மாடி திரும்புதுல்ல சார், தூணும் கூடவே திரும்பணும். கீழ ஒரு இடத்துல காலு, மேல ஒரு இடத்துல தலை. எல்லா வீட்லயும் சாஞ்சுதான் இருக்கும்."

"அப்ப பீரோவையும் சாய்ச்சுத்தான் வைக்கணும்."

அட்டை தூணைப் பார்த்தாள். சட்டைப் பித்தானை ஒன்று மாற்றிப் போட்ட ஆளைப் பார்க்கும்போது எங்கே தப்பு என்று சட்டென்று தெரியாமல் கண் உறுத்துமே, அப்படி உறுத்தியது. அவள் மாதிரியில் தூண்களுக்கு எஃகு ஊசிகளை வைத்திருந்தாள். ஒவ்வொரு ஊசியையும் அவள்தான் சாய்த்து ஒட்டினாள். உள்ளிருந்து பார்த்தால் அவை சாய்வது இந்தக் கைப்பக்கமா, அந்தக் கைப்பக்கமா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே விற்பனைக்காரர் நீலத் தாளின் மூலையை நகத்தால் கிளப்பி, மேடைத் திரையை விலக்குகிறவர் போல ஒரே இழுப்பாக இழுத்தார்.

நதி கூடத்துக்குள் வந்துவிட்டது.

கண்ணாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தண்ணீர். வேறு எதுவுமில்லை. அதன் நடுவில் ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. படகின் பின்னால் இழுபடுகிற கோடுகூடத் தெரிந்தது. கீழே, கட்டடத்தின் காலடியை ஒட்டி, துறையின் பலகை.

அண்ணி கழுத்திலிருந்து உருவிக் கையில் பிடித்திருந்த அளவு நாடா நழுவித் தரையில் சுருண்டது.

"அடேயப்பா," என்றார் விற்பனைக்காரர், அவரே ஆச்சரியப்பட்டு. "சார், உங்களுக்கு யோகம் அடிச்சிருக்கு பாருங்க. இந்தப் பக்கத்துக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க."

அண்ணன் அவரைத் தள்ளவில்லை. நகர்த்தினான், ஒரு நாற்காலியை நகர்த்துவது போல. பிறகு அண்ணியின் முன்னால் போய்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான். பஸ்ஸில் படிக்கட்டை மறிக்கிற மாதிரி. அவ்வளவு பெரிய கண்ணாடியில் அவன் மறைத்தது எவ்வளவு இருக்கும்? தோளுக்கு மேலே தண்ணீர், கக்கத்துக்குக் கீழே தண்ணீர்.

அப்போது நடைக்கு அப்பாலிருந்த எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யோவ், என் நதிய எங்கய்யா வச்சீங்க?"

சலூன்காரர். சந்தில் அவர் கடையில் முகம் மழித்துக்கொண்ட யாருக்கும் அவர் எடுத்த வீட்டைப் பற்றித் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. கன்னத்தில் கத்தி இருக்கும்போது நதியை வர்ணிப்பார், ஆமாம் என்று தலையாட்டவும் முடியாது. முகம் சிவக்க நடையைத் தாண்டி வந்தவர், இந்த வீட்டுக் கூடத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டிரைவரே," என்றார் மெதுவாக. "என்னோடது உங்க வீட்டுல இருக்கு."

அண்ணன் திரும்பவில்லை. கட்டடம் எழும்பிய நாளெல்லாம் அட்டை பட்டறை வாசலிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். பச்சை வலை மூடி, கிரேன் தூக்கி, மாடி மேல் மாடியாக அது திரும்பியதைப் பார்த்திருக்கிறாள். எந்தப் பக்கம் திரும்பியது என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை.

"கதவு நம்பர் சரியாத்தான் இருக்கு," என்று விற்பனைக்காரர் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். "பத்திரத்துல நம்பர்தான் இருக்கும் சார். எதைப் பாக்கும்னெல்லாம் இருக்காது. மாடல்ல ஏதாவது..."

மாடல் என்றதும் எல்லோரும் அட்டையைப் பார்த்தார்கள். அண்ணி மட்டும் பார்க்கவில்லை. அவள் அண்ணனின் விரித்த கைக்குக் கீழே குனிந்து, துறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிப்டில் இறங்கும்போது சலூன்காரரும் விற்பனைக்காரரும் ஒருவர் மூக்கில் ஒருவர் விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மாடி எண்கள் குறைவதை வெறித்துக்கொண்டு நின்றான். அண்ணி நாத்தனாரின் காதருகே வந்தாள்.

"அவதான் திருப்பியிருக்கா," என்றாள்.

"என்ன அண்ணி?"

"நான் அன்னைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்ல. போயிட்டு வரேன்னு ரெண்டு தடவ சொன்னா. எவ்வளவு நாளுதான் பாக்காம இருப்பன்னு வீட்டையே திருப்பி வச்சுட்டா."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அழுகை இல்லை. கூடத்தில் தண்ணீரைப் பார்த்ததைவிட அது அட்டையை அதிகம் உலுக்கியது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணனையும் அண்ணியையும் வீட்டில் விட்டு, சாயங்காலம் பட்டறைக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக டீ கிளாஸ்கள் இருக்கிற பலகைக்குப் போனாள். கணவர் ஒரு பள்ளிக்கூட மாதிரியின் வராண்டாவில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். அவர் கிளாசுக்கு அடியில் இருந்த அக்ரிலிக் தகட்டை அவள் உருவ, டீ தளும்பியது.

"கிளாச மட்டும் விட்டுட்டு மேஜைய எடுத்துக்கிட்டுப் போற," என்றார்.

"ரோஷக்காரனோட மாடிதான இது? நடுவுல கீறல் விழுந்து ஒதுக்கினோமே?"

"ஆமா. அதுலதான் ரெண்டு வருஷமா டீ குடிக்கிறேன். என்ன இப்ப?"

முட்டை வடிவத் தகடு. நடுவில் தண்டு நுழைகிற ஓட்டை, ஓட்டையின் ஓரத்தில் ஒரு பள்ளம். எல்லா மாடிக்கும் முட்டை ஒன்றேதான். பள்ளம் மட்டும் மாடிக்கு மாடி கொஞ்சம் நகரும். எஃகுத் தண்டில் ஒரு நீண்ட மேடு இருக்கும், பள்ளத்தை அதில் பொருத்தித் தகட்டை இறக்கினால் மாடி தானாகவே உரிய அளவு திரும்பி உட்காரும். அவள் அலமாரியிலிருந்து வரைபடச் சுருளை எடுத்து, அந்த மாடியின் தாளை விரித்து, மேலே தகட்டை வைத்தாள். முட்டை முட்டையோடு பொருந்தியது. பள்ளம் பொருந்தவில்லை. தகட்டைக் கவிழ்த்து வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவளுடைய தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வரைபடத்தைத் தகட்டில் ஒட்டி, கோட்டின் மேல் அறுத்து, பிறகு தாளை உரித்துவிடுவார்கள். முன்பக்கம் ஒட்டினால் பசைக் கறை போகாது. அதனால் எப்போதும் பின்பக்கம்தான் ஒட்டுவாள். பின்பக்கம் ஒட்டினால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகிவிடும். அதற்காக அச்சுக்கடையில் வரைபடத்தையே திருப்பி அச்சடித்து வாங்குவாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"இதுக்குத் திருப்பி அடிச்சு வாங்கினோமா?" என்று கேட்டாள்.

கணவர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கும் இருந்தது.

"நீ கேட்ட. நான்தான், கோழிமுட்டைக்கு ஏது வலது, ஏது இடதுன்னேன். நீ சிரிச்ச."

"சிரிச்சேன்."

"வடிவம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே. பள்ளத்த யாரு நினைச்சா?" அவர் தகட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "டிசைன் ஆபீஸ்லருந்து வந்த பெரியவரே மாடலச் சுத்திச் சுத்திப் பாத்துட்டுக் கை குடுத்துட்டுத்தான போனாரு. கயித்த எந்தப் பக்கம் முறுக்கினாலும் கயிறு கயிறுதான். ஒருத்தருக்கும் தெரியல."

"அண்ணி சத்தியமான்னு கேட்டாங்க. நான் செஞ்சதுன்னு சொன்னேன்."

"மச்சானுக்குச் சொல்லிட்டியா?"

"இல்ல. அண்ணி வேற மாதிரி நினைக்கிறாங்க." லிப்டில் கேட்டதைச் சொன்னாள்.

அவர் டீ சிந்திய இடத்தைத் துடைத்தார். "நினைச்சுட்டுப் போகட்டும். பசை, பள்ளம்னு போய் விளக்கி என்ன ஆகப் போகுது? அப்படி நினைக்கிறதுல அவங்களுக்கு ஏதோ இருக்குன்னா இருக்கட்டுமே."

"எனக்கு பயமா இருக்கு."

"எதுக்கு?"

அதற்கு அவள் பதில் சொல்லும் முன் போன் அடித்தது. அண்ணன்.

"உங்க அண்ணி அங்க வந்தாளா?" பின்னால் பஸ் ஹாரன்கள் கேட்டன. "நூல் வாங்கப் போறேன்னு போனா. நம்மகிட்ட விட்டிருந்த அந்த வீட்டுச் சாவியக் காணோம். அட்டை, அந்த பால்கனிக்கு இன்னும் கம்பி போடல. சும்மா ஒரு பைப்பக் குறுக்க கட்டி வச்சிருக்கான். நான் டிப்போவுல இருக்கேன், வர்றதுக்கு நேரம் ஆகும்."

பட்டறையிலிருந்து கோபுரம் நடக்கிற தூரம். அட்டை ஓடினாள். டீக் கறை படிந்த தகட்டையும் சுருட்டிய தாளையும் ஏன் கையில் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வாசல் காவலர் கையெழுத்து நோட்டை நீட்டாமல் மேல்நோக்கிக் கையை நீட்டினார். "ஒரு அம்மா அளவெடுக்கணும்னு மேல போனாங்க. நீங்களும் அளவா?"

"ஆமா."

நடுமாடியில் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. கூடத்தில் மாலை வெயில் தண்ணீரில் பட்டுக் கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. பால்கனியின் விளிம்பில், குறுக்கே கட்டிய இரும்புக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அண்ணி உட்கார்ந்திருந்தாள். கால்களை உள்பக்கம்தான் மடக்கியிருந்தாள். உடம்பு வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அவளுக்குக் கீழே ஒவ்வொரு மாடியும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, விசிறி மாதிரி விரிந்து இறங்கியது.

"அண்ணி."

"வா. பலகைய மாத்திட்டாங்க போல. இப்ப இரும்புல போட்டிருக்கான்," என்றாள் அண்ணி, திரும்பாமல்.

"உள்ள வாங்க அண்ணி."

"இரு. படகு வரட்டும். இந்த நேரத்துக்குத்தான் அவ திரும்பி வருவா."

அட்டை தரையில் உட்கார்ந்தாள். தவழ்ந்து பக்கத்தில் போனாள். ஒரு கையால் அண்ணியின் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, மறு கையால் தாளை விரித்துத் தகட்டை மேலே வைத்தாள்.

"அண்ணி, இதப் பாருங்க. அவ திருப்பல. நான் திருப்பிட்டேன்."

அண்ணி முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"தாளப் பின்பக்கம் ஒட்டினேன். திருப்பி அச்சடிச்சு வாங்கியிருக்கணும், வாங்கல. முட்டைதானேன்னு விட்டுட்டேன். மாதிரி மொத்தமும் தப்பான பக்கம் முறுக்கிடுச்சு. நான் யார்டுன்னு காட்டினது நதி. கட்டடம் சரியாத்தான் இருக்கு. இங்க பாருங்க, கவுத்து வச்சா பொருந்துது. வேற ஒண்ணுமே இல்ல அண்ணி. பசை. பசைக்காகப் பின்னால ஒட்டினது."

அண்ணி தகட்டை வாங்கினாள். வைத்துப் பார்த்தாள். கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். துணியின் நல்ல பக்கமும் உள் பக்கமும் தெரிந்த கை அது. இரண்டாவது விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்ப அவ கூப்பிடல," என்றாள்.

"இல்ல அண்ணி."

கீழே படகு துறையில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். கடைசி ஆளும் இறங்கிப் போகும்வரை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத நீ ஏன் ஓடி வந்து சொல்ற?"

அட்டை முந்தானையை இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். அண்ணி அந்தக் கையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"நான் குதிச்சிருவேன்னு நினைச்சியா?"

"அண்ணன் போன் பண்ணினாரு. கம்பி இல்லன்னு..."

"ஜன்னல் அளவு எடுக்க வந்தேன் அட்டை." அண்ணி மடியைக் காட்டினாள். அளவு நாடா, ஒரு சின்னப் பென்சில், சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிய எண்கள். "முதல்ல முழுசா மூடற மாதிரி எடுத்தேன். அப்புறம் வேண்டாம்னு தோணுச்சு. ரெண்டு ஓரத்துலயும் மட்டும் போட்டு, நடுவுல அப்படியே விட்டுடலாம்னு. காலையில அவ போற நேரத்துக்கும் சாயங்காலம் வர்ற நேரத்துக்கும் இங்க ஒரு நாற்காலி போட்டு உக்காரலாம்னு. இத்தனை வருஷத்துல இன்னைக்கு மத்தியானம்தான் எனக்குச் சோறு இறங்குச்சு."

அவள் குரல் உயரவில்லை. தாளை அவளே சுருட்டி, தகட்டோடு சேர்த்து நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

அட்டை மூச்சுவிட மறந்து உட்கார்ந்திருந்தாள். கையில் சின்ன நாற்காலி எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணி எழுந்தாள். முந்தானையைத் தன் பக்கம் இழுத்தாள். அட்டையின் விரல்கள் அதிலிருந்து விடுபடக் கொஞ்சம் நேரமாயிற்று.

"எதிர்வீட்டுக்காரர்கிட்டப் பேசச் சொல்லு உங்க அண்ணன. அவர் இத எடுத்துக்கட்டும். நாங்க யார்டுப் பக்கம் போயிடுறோம்."

"அண்ணி, இதுலயே இருக்கலாம்ல? நீங்க நினைச்ச மாதிரியே..."

"எப்படி இருக்குறது?" என்றாள் அண்ணி. "இப்ப அது வெறும் தண்ணி."

கண்ணாடிக் கதவை அவளே இழுத்துச் சாத்தினாள். அண்ணன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் நடையில் லிப்டுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். லிப்டின் பொத்தானை இன்னொரு தடவை அமுக்கினான்.

மறுநாள் காலை சலூன்காரர் வீட்டை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். தான் விட்டுக்கொடுப்பதாகத்தான் சொல்லிக்கொண்டார். விற்பனைப் பிரிவில் இரண்டு கதவு எண்களையும் அடித்து, எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அட்டை மேலாளரைப் பார்த்து மாதிரி தப்பு என்று சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. ஜன்னலுக்கு அழைத்துப் போய்க் கட்டடத்தைக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். மாதிரியின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினார்கள். இனிமேல் அவளுக்கு வேலை தருவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் அவளும் கணவரும் ஒரு வண்டியில் மாதிரியை ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். தகடுகளை ஒவ்வொன்றாக உருவியபோது அவர் முட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் வழக்கம்போல் பாலம் தாண்டாத ரூட்டில் பஸ் ஓட்டினான். அண்ணி யார்டுப் பக்க ஜன்னலுக்கு அளவெடுத்தாள். சலூன்காரர் தன் புதுவீட்டுக்கும் திரை தைத்துத் தரக் கேட்டார். சரி என்றாள். அந்த அளவு அவளிடம் இருந்தது.

சாயங்காலம் அட்டை அச்சுக்கடைக்குப் போய், எல்லா மாடிகளின் தாளையும் திருப்பி அச்சடித்துத் தரச் சொன்னாள். நாளைக்குத்தான் கிடைக்கும் என்றார்கள்.